கணவாய்ச் சாலையின் கல்லாத்தா

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் தனியாக இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜை முடிந்த கையோடு யூடன் அக்கா அங்கே குடிவந்துவிடுவார். பொங்கலுக்கு மறுவாரம் கிளம்புவார். நடுவில் உள்ள மூன்று மாதமும் ஏற்காடு சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு கடையில் சுவெட்டரும் குல்லாவும் கம்பளிச் சால்வையும் விற்பார். சேலத்து வெயிலில் சுவெட்டரை யார் வாங்குவார்கள் என்று முதலில் நானும் நினைத்தேன். ஏற்காடு ஏறுகிறவர்கள் வாங்கினார்கள். மார்கழிப் பனியில் நடக்கப் போகும் பெரியவர்கள் வாங்கினார்கள். எல்லாரையும்விட அதிகமாக வாங்கியவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர்கள்தான். போர்வெல் போடும் அந்த லாரிகள் காஷ்மீர் வரைக்கும் போகும்.

யூடன் அக்கா திபெத்தியர். கொள்ளேகாலுக்கு அப்பால் மலைக்காட்டை ஒட்டி அவர்களுக்கு ஒரு குடியிருப்பு இருக்கிறது. சொந்த ஊர் அதுதான் என்பார். முதன்முதலில் சேலத்துக்கு அவர் வந்தது தொண்ணூற்று நான்கில். கணவர் நோயில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, இரண்டு துணிமூட்டைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. விலையை விரலால் காட்டினார். இன்றைக்கு அவர் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மல்லசமுத்திரத்துப் பெண் என்றுதான் சொல்வீர்கள். தமிழ் முழுக்க வாடிக்கையாளர்களிடம் கற்றது. அவர்களில் பாதிப் பேர் ரிக் வண்டிக்காரர்கள் என்பதால் ‘ஏனுங்க’, ‘ஆமாங்க’ எல்லாம் சரளமாக வரும்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பதின்மூன்று ஆண்டுகளாக அக்காவுக்குச் சர்க்கரை பார்ப்பது நான்தான். அவருடைய ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை என்பதைப் போன டிசம்பருக்கு முந்தைய டிசம்பரில்தான் உணர்ந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மல்லசமுத்திரத்திலிருந்து என் அண்ணன் காளியப்பன் வந்திருந்தான். இருபது வருடமாக ரிக் வண்டி ஓட்டுகிறவன். பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தவன் திரும்பப் போவதற்குமுன் சுவெட்டர் வாங்க வந்தான். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து அக்காவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவர் ஆவியில் வேகவைத்த மடிப்பு ரொட்டி கொண்டுவந்தார். கோழிக் குழம்புக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

“நல்லா தடிமனா ஒண்ணு வேணுமுங்க்கா. எங்க வண்டி குலு பக்கம் நிக்குது. கணவாய்க்கு ஏறுற ரோட்டுல புதுசு புதுசா லாட்ஜ் கட்டுறாங்க, எல்லாத்துக்கும் போர் போடோணும்” என்றான் அண்ணன்.

அக்கா ரொட்டியைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்தினார்.

“குலுவுக்கு மேலயா? நான் பொறந்ததே அங்கதானுங்க. அந்த ரோட்டோரத்துல. கூடாரத்துல.”

அவர் அதுவரை எங்களிடம் சொல்லாத கதையை அன்றுதான் சொன்னார்.

அவருடைய அம்மாவின் பெயர் பல்மோ. கயிலாய மலையைப் பார்த்தபடி ஆடுகளையும், எருமை மாதிரியான யாக்குகளையும் மேய்த்த குடும்பம். அறுபதாம் ஆண்டு, ஊரில் சீனப் படையோடு சண்டை வந்தபோது, பல்மோவுக்கு வயது இருபத்திரண்டு. கணவனோடு, ஒரு வயது மகன் நோர்புவை முதுகில் கட்டிக்கொண்டு பனிமலை ஏறி இறங்கி இந்தியாவுக்குள் வந்தாள். முப்பத்தெட்டு நாள் நடை. கூட வந்தவர்களில் சிலர் பனியிலேயே நின்றுவிட்டார்கள். இங்கே வந்தவர்களுக்கு அரசாங்கம் சாலை போடும் வேலை கொடுத்தது. மலையை வெடிவைத்து உடைப்பார்கள். விழும் பாறைகளைப் பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லியாக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்திலேயே புழுதியில் கிடக்கும்.

“எங்கம்மா ஆடு மேய்ச்சவிங்க. சுத்தியலத் தொட்டதே இல்லீங்க. மொத மாசத்துல இந்த ரெண்டு நகமும் போயிருச்சாம்” என்று தன் இடது கையைக் காட்டினார் அக்கா, அது அம்மாவின் கை என்பதுபோல.

குளிர்நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளத்தாக்கின் வெயிலும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை. அறுபத்து மூன்றாம் ஆண்டு கோடையில் அந்தக் கூடாரங்களில் பல குழந்தைகள் காய்ச்சலில் போய்விட்டன. நோர்புவும் போனான். நான்கு வயது. இறந்த சின்னக் குழந்தைகளை ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கம். சாலைக்குக் கீழே ஓடிய ஆற்றில் விட்டார்கள். மறுநாள் காலை பல்மோ வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அன்றைய மாவு கிடையாது. அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி.

சாயங்காலம் எல்லாரும் கூடாரத்துக்குத் திரும்பிய பிறகு அவள் திரும்பவில்லை. ஆற்றுக்கு நேர் மேலே சாலை வளைவில் ஒரு பெரிய பாறை இருந்தது. முகாமிலிருந்த ஒரு துறவியைக் கூப்பிட்டு, அந்தப் பாறையில் கரியால் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தின் ஆறு எழுத்துகளையும் எழுதித் தரச் சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரிக்கோடுகளின் மேலேயே உளியை வைத்து வெட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாளும், பத்து மணி நேரம் கல் உடைத்த பிறகு, வெளிச்சம் இருக்கிற வரைக்கும்.

“பதினேழு நாளுங்க. ஆறாவது எழுத்தையும் வெட்டிட்டாங்க. அதுக்கு மேல பிறை மாதிரி ஒண்ணும் ஒரு புள்ளியும் வரோணும். அத வெட்டப் போற நேரத்துல வலி வந்துருச்சு. நான் பொறந்துட்டேன். மூணாம் நாள் மொத்த முகாமையும் மேல வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. அம்மா திரும்ப அங்க போகவே இல்ல. சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, அது மேல புள்ளி வைக்கல, புள்ளி வைக்கலன்னு.”

 அண்ணன் கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான்.

“ஏண்ணா, சாப்புடறப்ப என்ன போனு?” என்று அதட்டினேன்.

“இரு புள்ள” என்றான். அவன் குரலே மாறியிருந்தது. “யூடங்க்கா, இதக் கொஞ்சம் பாருங்க.”

படத்தில் அவனுடைய ரிக் லாரி மாலை போட்டுக்கொண்டு நின்றது. முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பின்னால் கரும்பாறை. பாறை முழுக்கச் சிவப்புத் துணிகளும் மணிகளும் கட்டியிருந்தார்கள். துணிகளுக்கு நடுவே வரிசையாக எழுத்துகள்.

“கணவாய் ஏறுறதுக்கு முந்தி அத்தன வண்டியும் அங்க நின்னுதானுங்க போகும். பஞ்சாப்காரன், நேப்பாளத்துக்காரன், ராணுவ வண்டி, எல்லாரும். நாங்க ஏழு வருசமா தேங்கா ஒடச்சுக் கும்புட்டுட்டுத்தான் மேல ஏறுறோம். என்ன சாமின்னு தெரியாது. நம்ம பசங்க கல்லாத்தான்னு பேரு வெச்சிருக்காங்க.”

அக்கா போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே போனார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. அதன் மேல் வெறும் பாறைதான் இருந்தது. பிறையும் இல்லை, புள்ளியும் இல்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, போனை இரண்டு கைகளாலும் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.  பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

“அங்க நின்னா ஆத்துச் சத்தம் கேக்குதுங்களா?”

“கேக்குமுங்க்கா. நல்லாவே கேக்கும்.”

மே மாதம் நானும் அக்காவும் கிளம்பினோம். “அவிங்கள ஒண்டியா அனுப்பாத, நீயும் வா” என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். சேலத்தில் ரயிலேறி டெல்லி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகலும் கொஞ்சமும் பயணம். நான் மலை என்று அதுவரை பார்த்தது ஏற்காடும் கொல்லிமலையும்தான். பஸ் ஜன்னலில் பனி மூடிய சிகரம் தெரிந்தபோது அது மேகம் என்று நினைத்து அக்காவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். அவரும் அந்தப் பக்கம் வந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. ஐந்து வயதில் பாறைச் சரிவில் அப்பாவைப் பறிகொடுத்து, பதினொரு வயதில் அம்மாவோடு கர்நாடகத்துக்குப் போனவர். அங்கே மூங்கில் காட்டை வெட்டி, யானைகளைத் தகர டின் தட்டி விரட்டி, மக்காச்சோளம் போட்டுப் பிழைத்தார்கள். அந்தக் காட்டை நிலமாக்கிய கைகளும் பல்மோவின் கைகள்தான்.

குலு கடைவீதியில் அண்ணன் காத்திருந்தான். ஜீப்பில் இரண்டு மணி நேரம். வளைவில் இறங்கியதும் எனக்கு மூச்சு வாங்கியது. படத்தில் பார்த்ததைப்போல மூன்று மடங்கு பெரிய பாறை. எழுத்துகள் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தன. என் தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்தில் இருந்தன. எக்கினாலும் கை எட்டவில்லை.

“உங்கம்மா அவ்வளவு ஒசரமாங்க்கா?”

“அம்மா என் தோளு வரைக்கும்தான் அம்மிணி. அங்க அவிங்க ஒடச்ச ஜல்லி மலையாட்டம் கெடக்குமாம். அது மேல ஏறி நின்னு வெட்டுனாங்க.”

நான் அந்தக் கருங்கல்லில் கையை வைத்துப் பார்த்தேன். மேலே தெரிந்த வெட்டு அரை விரல் ஆழம் இருக்கும். அறுபது பனிக்காலமும் அதைத் தேய்க்க முடியவில்லை. ஒன்பது மாத வயிற்றோடு, ஜல்லிக் குவியலில் கால் சறுக்கச் சறுக்க, நகம் போன விரல்களால் ஒரு பெண் வெட்டியது. எனக்குக் கை கூப்பத்தான் தோன்றியது. கூப்பினேன்.

அண்ணன் பையைத் திறந்தான். உள்ளே புது உளியும் சுத்தியலும் இருந்தன. ஏணிக்கும் சொல்லிவைத்திருந்தான். “நீங்களே அந்தப் புள்ளிய வெச்சிருங்க்கா” என்றான்.

அக்கா பையை மூடினார்.

“வேண்டாமுங்க” என்றார். “எங்கம்மா வேல அது. நான் கை வைக்க மாட்டேன். அவிங்க விட்ட எடத்துலதான் நான் வந்தேன். அது அப்படியே இருக்கட்டும்.”

கொண்டுவந்த வெண்பட்டுத் துணியைப் பாறையின் அடியில் கட்டினார். பிறகு கீழே ஆறு தெரியும் விளிம்புக்குப் போய் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. நோர்புவின் பெயரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பார்த்தே இராத அண்ணன்.

எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த பெண்மணிக்கு எங்களைப் பார்த்து ஆவல். இந்தப் பாறையில் அம்மன் ஒரே ராத்திரியில் வந்து எழுதிவைத்துப் போனாள் என்று அவள் மாமியார் சொல்வாராம். அண்ணன் தனக்குத் தெரிந்த லாரிக்கார ஹிந்தியில் உண்மையைச் சொல்லத் தொடங்கித் திணறினான். அக்காவே எழுந்து வந்து ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். எழுதியது என் அம்மா. பெயர் பல்மோ. பதினேழு நாள் ஆனது. அந்தப் பெண் அடுப்பை அணைத்தாள். கடைக் கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அக்காவின் காலைத் தொட்டாள். அக்கா பதறிப்போய் அவளைத் தூக்கினார்.

“ஜீப்பு வேண்டாம், நடக்கலாம்” என்றார் அக்கா. அந்தச் சாலையில் நான்கு கிலோமீட்டர் மேலே நடந்தோம். எனக்கு ஐம்பதடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. சர்க்கரைக்காரர் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். லாரிகளும் சுற்றுலாக் கார்களும் எங்களை உரசிக்கொண்டு ஏறின. ஒவ்வொரு வளைவிலும் பக்கச்சுவரின் பழைய கற்களை அவர் தொட்டுப் பார்த்தார். அத்தனை கல்லையும் யாரோ ஒரு பெண் மடியில் வைத்து உடைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது, கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேலே ஓரிடத்தில் சாலையைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். ஒருத்தியின் முதுகில் குழந்தை தூங்கியது. அக்கா அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். குழந்தையின் பெயரைக் கேட்டார். சுகுமதி என்றாள். வயதைக் கேட்டார், காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்று கேட்டார். பிறகு சுத்தியலுக்குக் கையை நீட்டினார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அக்கா ஒரு கல்லை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து மேலே வைத்தார். ஒரே அடி. கல் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு ஓவென்று கூவினார்கள். ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும் அம்மாவோடு உட்கார்ந்து உடைத்தவராம். அதையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

அண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்த ஜீப்பைக் கீழே அனுப்பி, தேநீர்க் கடையைத் திறக்கச் சொல்லி எல்லாருக்கும் டீ வரவழைத்தான். டீ வந்து சேரும்வரை அக்கா அங்கேயே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். சுகுமதி விழித்துக்கொண்டு, தாயின் தோளுக்கு மேலாக எட்டி, அந்த வயதான கைகளையே பார்த்தாள்.