சாக்கு முடிச்சு

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு பயம் உண்டு. தையல் மாதிரித் துணியை அவர்கள் எவ்வளவு அழகாக மடித்து நீட்டினாலும் நான் அதைப் புரட்டித்தான் பார்ப்பேன். மதிப்பெண் பின்பக்கத்துக்குத்தான். ஜவுளிக் கடையில்கூட இந்தப் புத்தி போகாது. சட்டையைப் புரட்டி நூல் எங்கே முடிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்பேன். மகள் என்னைத் தெரியாதவள்போல நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். மனையியல் டீச்சருக்குத் தொழில் பக்தி அதிகம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பில் நான் செய்த ஒரு காரியத்தின் மிச்சம் அது.

எழுபதுகளின் கடைசி. போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு கடையில் எடை போடும் வேலையில் இருந்தார். அவருடைய தங்கை, என் அத்தை, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டதும், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்று அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அத்தைதான் காபி போட்டாள்.

அத்தை பத்தாவது தேறியவள். அப்பா எங்கெங்கோ விசாரித்து, ஊரிலேயே நடந்த தையல் ஆசிரியைப் பயிற்சியில் அவளைச் சேர்த்துவிட்டார். ஒரு வருஷப் படிப்பு. தேறினால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகலாம், தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போகலாம். அத்தைக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. "டீச்சராயிட்டா இங்க ஏன் கெடக்கப் போறா" என்று பக்கத்து வீட்டில் சொல்கிற மாதிரி, அத்தையின் காதில் விழும்படி சொல்வாள். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் முழுக்க என் உடம்புதான் அவளுக்குப் பாடப் புத்தகம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அளவு நாடாவோடு பிடித்துக்கொள்வாள். தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால் என்று அளந்து காக்கித் தாளில் கோடு போடுவாள். முதலில் செய்தித்தாளில் வெட்டி, குண்டூசி குத்தி எனக்கு மாட்டிப் பார்ப்பாள். தாள் கவுனைப் போட்டுக்கொண்டு சர்சர்ரென்று வீட்டுக்குள் நடந்திருக்கிறேன். துணியில் தைத்த கவுன் என் உடம்புக்கு அச்சாகப் பொருந்தியதைப் பார்த்து அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் வளருகிற பிள்ளைக்கு யாரும் அளவாகத் தைப்பதில்லை. ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்துத்தான் தைப்பார்கள். "பரீச்சையில அளவுதேன் பாப்பாங்க மயினி" என்றாள் அத்தை.

அளவெல்லாம் அத்தைக்குச் சுலபமாக வந்தது. வராதது ஒன்றே ஒன்று.

மலையில் அவள் இருந்த தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைகளின் வாயைத் தைத்துக் கட்டுவது அவள் சோலி. கோணி ஊசியால் தைத்துக்கொண்டே போய், கடைசியில் நூலை ஊசி நுனியில் ரெண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, அந்த வளையத்துக்குள் இன்னொரு தடவை விட்டு, பல்லால் கடித்து அறுப்பாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு எத்தனை குலுங்கு குலுங்கினாலும் அந்த முடிச்சு அவிழாது. வழியில் வாய் பிரிந்து காய் சிந்தினால் தைத்தவளைத்தான் கேட்பார்கள். பத்து வருஷம் அப்படித் தைத்த கை அது. வெள்ளைத் துணியில் பூப்போல ஹெம்மிங் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் அவளை அறியாமல் மிளகுபோல ஒரு சாக்கு முடிச்சைப் போட்டுவிடும்.

பயிற்சிப் பள்ளியை நடத்திய அம்மாவுக்கு அந்த முடிச்சைக் கண்டாலே ஆகாது. முடிவில் ரெண்டு சின்னப் பின்தையல் போட்டு நூலை மறைத்துவிட வேண்டும், முடிச்சே தெரியக் கூடாது என்பது அவர் பாடம். துணியைப் புரட்டி, ஒவ்வொரு முடிச்சையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புவார். அத்தை அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மூட்டை புத்தி போக மாட்டேங்குது தாயி" என்பாள் என்னிடம். நான் சிரிப்பேன். கடைசித் தேர்வுக்கு முன்பாக எல்லா மாதிரிகளையும் சுத்தமாகத் தைத்து ஓர் ஆல்பமாக ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றாகத் தைத்து தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் தையல் வகுப்பு உண்டு. அரையாண்டுக்குள் மூன்று மாதிரிகள் கொடுக்க வேண்டும்: பொத்தானுக்குக் காஜா எடுத்தது, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது, நைந்த துணியில் இழையோட்டியது. நான் ஒன்றுகூடத் தைக்கவில்லை. வீட்டில் தையலிலேயே ஒருத்தி ஊறிக்கொண்டிருக்கும்போது எனக்கு அது அலுத்துப் போயிருந்தது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் சோம்பல். "முடிச்சிட்டேன் டீச்சர், வீட்டுல இருக்கு" என்று மூன்று வாரம் புளுகினேன். நாளைக்குக் கொண்டுவராவிட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அத்தை தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் தகரப் பெட்டியைத் திறந்தேன். மூன்றையும் எடுத்து நோட்டுக்குள் வைத்தேன். திருட்டு என்ற சொல்லே மனசில் வரவில்லை. மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்ததும் மறுபடி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

டீச்சர் திருப்பித் தரவில்லை. காஜாவைப் புரட்டாமலே விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வகுப்பு முழுக்கக் காட்டினார். ஆண்டு விழாக் கண்காட்சியில் வைக்கப் போவதாகச் சொல்லி, என் பேர் எழுதிய சீட்டைக் குத்தி பீரோவில் பூட்டிவிட்டார். இனி அதை எப்படித் திரும்பப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் அத்தை பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். பாயை உதறினாள், பரண்மேல் ஏறினாள். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் அம்மா. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அரிசி மூட்டைக்குப் பின்னால்கூடக் கையை விட்டுத் துழாவினேன். அத்தை என் தலையைத் தடவி, "விடு தாயி, எங்கிட்டாவது போட்டிருப்பேன்" என்றாள்.

மூன்றையும் புதிதாகத் தைத்தாள். ஆல்பம் கொடுக்க நாள் குறைவாக இருந்ததால் வீட்டு வேலை முடிந்த ஒவ்வொரு நிமிஷமும் வாசல் வெளிச்சத்தில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அதில் ஓர் ஆச்சரியம் நடந்தது. அந்த மூன்றிலும் முடிச்சு வரவில்லை. ஆல்பத்தில் அந்த மூன்றையும் புரட்டிப் பார்த்த பயிற்சிப் பள்ளி அம்மா, ஒரு வழியாகக் கை திருந்தியிருக்கிறது என்று சொன்னாராம். அத்தை ஓடிவந்து அதை என் அம்மாவிடம் சொன்னாள். அம்மாகூடச் சிரித்தாள். நான் எடுத்ததும் நல்லதற்குத்தான் என்று நினைத்து எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

ஆண்டு விழாவுக்கு அம்மாவும் அத்தையும் வந்தார்கள். கைவேலைக்குப் பரிசு தேர்ந்தெடுக்க அழைத்திருந்தது அந்தப் பயிற்சிப் பள்ளி அம்மாவைத்தான். இது எனக்குத் தெரியாது. அவர் மேசை மேசையாக வந்து என் துணிகளுக்கு முன்னால் நின்றார். காஜாவை எடுத்தார். புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார். ஒட்டுத் துணியைப் புரட்டினார், இழையோட்டியதைப் புரட்டினார். மூன்றிலும் மிளகு மிளகாக முடிச்சு.

சீட்டில் இருந்த பேரைப் படித்தார். கூட்டத்தில் நின்ற அத்தையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இது யார் கை வேலை?"

அத்தை துணியை வாங்கினாள். புரட்டக்கூட இல்லை. வாங்கிய உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் என் கால் கட்டை விரலைப் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் தையல் டீச்சர், அவருக்குப் பக்கத்தில் என் அம்மா, சுற்றிலும் என் வகுப்புப் பிள்ளைகள்.

"உன் சாம்பிளை எடுத்துப் பிள்ளைகிட்டக் குடுத்து விட்டியா?" என்றார் அந்த அம்மா மறுபடியும்.

"இல்லைங்கம்மா. அவதேன் தச்சா. நாஞ் சொல்லிக் குடுத்தேன்."

"இந்த முடிச்சையுமா?"

"ஆமாங்கம்மா."

அவர் நம்பவில்லை. தன் முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியோடு என்னிடம் நீட்டினார். "நாலு தையல் போட்டு முடி, பார்ப்போம்" என்றார்.

வாங்கித் தைத்தேன். நாலு தையலும் கோணலாகத்தான் வந்தது. ஆனால் முடிக்கிற இடம் வந்ததும் கை தானாகப் போனது. ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்தது. ஊசி நுனியில் ரெண்டு சுற்று, ஓர் இழுப்பு, வளையத்துக்குள் இன்னொரு தடவை. பல்லால் கடித்து அறுத்துக்கூடக் காட்டினேன்.

அந்த அம்மா முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது. "பயத்துல கோணிருச்சு, மத்தபடி பிள்ளை நல்லாத் தைக்குது" என்று எங்கள் டீச்சரிடம் சொன்னார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குக் காட்டுறதுக்கு ஒரு தையல், பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஒரு தையலா? தப்பாத் தைக்கிறவளை நான் திருத்திடுவேன். தப்பைச் சொல்லிக் குடுக்கிறவளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது?"

 அத்தை கையிலிருந்த காஜாத் துணியை மடித்து, என் பேர்ச் சீட்டு மேலே தெரியும்படி மேசையில் வைத்தாள்.

எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் டம்ளர். அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள்.

பாடம் நடத்தும் திறமைக்கான மதிப்பெண் அந்தப் பயிற்சிப் பள்ளி அம்மாவின் கையில் இருந்தது. அதில் அத்தை தேறவில்லை. அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம் என்றார்கள். இன்னும் ஒரு வருஷமா என்று அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே அது வீடு முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் கழித்து அத்தை மறுபடி மலைக்குப் போவதாகச் சொன்னாள். பழைய தோட்டம் இல்லை, வேறொரு தோட்டத்து ஸ்டோர். அங்கேயும் மூட்டைக்கு வாய் தைக்க ஆள் வேண்டியிருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் அம்மாவே காபி போட்டு, என் பரிசு டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நல்ல டம்ளர் என்றுதான் கொடுத்தாள். அத்தை குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட அப்போதுகூட நேரம் இருந்தது. அப்பா வீட்டில்தான் இருந்தார். பயிற்சிப் பள்ளியும் நாலு தெரு தள்ளித்தான் இருந்தது.

ஜீப்பு நிற்கிற இடம்வரை அவளுடைய தகரப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நானும் போனேன். மலைக்குப் போகும் பெண்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஏறுவதற்கு முன்னால் என் கவுனின் ஓரத்தைப் புரட்டி, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அவள் தைத்த, அளவாகத் தைத்த கவுன். அதற்குள் எனக்கு அது இறுக்கமாகியிருந்தது.

"அன்னைக்கு முடிச்சு நல்லாப் போட்ட தாயி" என்றாள். "மலையில பெரிய பொம்பளைகளுக்கே அம்புட்டு வெரசா வராது."

ஜீப்பு புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது. அத்தை என்மேல் கோபமாக இல்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று தோன்றியது. அதோடு, என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறாள் என்ற பெருமை வேறு. வழியெல்லாம் விரலில் இல்லாத நூலைச் சுற்றி அந்த முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.