கடலில் பிடுங்கிப் போட்ட களை

ஒன்று நன்றாக வளர்கிறது என்றால் அது நல்லதுதானா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

என் மகளுக்கு இரண்டு வயது. எடை ஏறவே மாட்டேன் என்கிறது. கேழ்வரகு, முட்டை, நெய் என்று மாற்றி மாற்றி ஊட்டிவிட்டு, ஊட்டியது சரிதானா என்று தவிப்பேன். ஆனால் கோவளத்துப் பக்கம் என் கணவர் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கடற்பாசிக்கு யாரும் ஊட்டுவதில்லை. அது இந்தக் கரையின் பாசியே இல்லை. விதை தெற்கேயிருந்து வந்தது; விதை என்றால் பாசியிலிருந்து உடைத்த துண்டுதான், ஒவ்வொரு துண்டும் தனியே வளரும்.

மழைக்குப் பிறகு, மணல் மூடியிருந்த உப்பங்கழி முகத்துவாரம் திறந்தது. திருப்போரூர் வயல்களின் யூரியாவும், படூரில் எங்கள் அடுக்குமாடிகளின் கழிவுநீரும் கடலில் கலந்தன. பாசி கொழுத்துவிட்டது.

உதவிக்கு வந்த மாமனார் கருங்குழியில் நெல் விளைவித்தவர். கயிற்றில் நோஞ்சானாக இருந்ததையெல்லாம் கிள்ளி, வயலில் களையை வரப்பில் வீசுவதுபோல் பக்கத்தில் வீசினார். வரப்பில் விழுந்தது வெயிலில் காய்ந்து சாகும். தண்ணீரில் விழுந்தது சாகவில்லை. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

கணவரின் சிநேகிதர் ஒருவர் அங்கேயே மீன் பிடிப்பவர். ஒருநாள் கனத்த வலையைக் கரையில் போட்டார். மீனைவிடப் பாசிதான் அதிகம்.

"இன்னா நைனா, நீ நட்டது என் வலையில அறுவடைக்கு வந்துகினு கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாறைகளைப் பார்த்தேன். நீர் வடிந்த இடமெல்லாம் அதே பாசி, தடித்த விரல்கள்போல. ஒன்றை இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி அலையோடு போனது.

இப்போது கணவரும் மாமனாரும் மிதவைகளை முகத்துவாரத்துக்கே நகர்த்தப் போகிறார்களாம். வேண்டாமே என்றேன்.

"அங்கதான் சத்து ஜாஸ்தி," என்றார் கணவர். "கொழந்த வளரலன்னாலும் அழுவுற, பாசி வளந்தாலும் அழுவுற. உனக்கு இன்னாதான் வேணும்?"

"பயிரு தழைக்கறப்போ கண்ணு வைக்காதம்மா," என்றார் மாமனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அவர் முகத்தில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் வீண் பயமோ? மகளின் பால் டம்ளரைக் கழுவும்போதுகூட, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நின்றுவிடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மிதவை நகரும். கடலோரத்தில் வாழ்பவர்களே, பாறையில் பிடித்த பாசியை உடையாமல் எடுக்க வழி உண்டா? அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது? தெரிந்தால் அதற்குள் எழுதுங்கள்.