பட்டன் டப்பாவுக்குள் ஒரு மாத்திரை அட்டை

எங்கள் தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் காஜாக்கா. சட்டையில் பட்டன் துளை போடும் காஜா இயந்திரத்தில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பட்டன் டப்பாவுக்குள் எப்போதும் ஒரு கருத்தடை மாத்திரை அட்டை இருக்கும். அது எங்கள் வரிசைக்கே பொது. யாருடைய வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வருகிறாரோ, அவள் அன்றைக்கு ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொள்வாள், தலைவலி மாத்திரை மாதிரி. அப்படிப் போட்டுத்தான் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். எங்கள் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல!

காஜாக்காவின் கணவர் லாரி ஓட்டுபவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது, வெள்ளைப்பட்டது. உடம்புச் சூடு என்று மூன்று மாதம் மோரைக் குடித்து ஓட்டினாள். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உடைத்துச் சொன்னார்.

"மாத்திரைன்னா தினமும் போடணும்மா. அப்பவும் அது புள்ளையத்தான் தடுக்கும். காப்பர் டீயும் அப்படித்தான். உனக்கு வந்திருக்கிறது சேரும்போது ஒட்டுற நோய், அதைத் தடுக்க ஆணுறைதான். அவரும் மருந்து சாப்பிடணும். ரெண்டு பேருக்கும் குணமாகுற வரைக்கும் சேரக் கூடாது. கவனிக்காம விட்டா கர்ப்பப்பையே கெட்டுடும்."

வீட்டில் அதைச் சொன்னதும் கணவர் குதித்தார். "என்னைச் சந்தேகப்படுறியா?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? ரிப்போர்ட்டே இருக்கு."

அவர் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் ஆலை வாசலுக்கே வந்து கத்தினார். "கட்டின புருஷனைப் பக்கத்துல சேர்க்காத நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" நாங்கள் தலை குனிந்துகொண்டோம். சூப்பர்வைசர் உள்ளே போகச் சொன்னார். காஜாக்கா போகவில்லை, குரலையும் இறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"உங்க புள்ளைக்கு நோய் அத்தை. எனக்கும் ஒட்ட வச்சிட்டாரு. அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, நாத்தம் தாங்கல. மருந்து சாப்பிட்டு, உறை போட்டாத்தான் என் பக்கத்துல இடம். வந்து தங்கிட்டுப் போக என் உடம்பு சத்திரம் இல்ல."

மாமியார் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய கணவரும் லாரி ஓட்டியவர்தான். மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு இருபது வருஷமா அப்படித்தான் வலிக்குது. பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா?"

"உங்க மாமாதான்."

காஜாக்கா அரை நாள் லீவு கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். பட்டன் டப்பாவிலிருந்த அட்டையைக் குப்பையில் போட்டாள். "நாளைக்கு நீங்க எல்லாரும் வர்றீங்க. அவங்கவங்களுக்கு எது சரின்னு நர்ஸ்கிட்டயே கேளுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மாமியார் நடந்துகொண்டே மகனுக்குப் போன் போட்டார்.

"ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நில்லுடா. வரலேன்னா என் வீட்டுலயும் உனக்கு இடம் கிடையாது."