பாவுக்கு எதிரே வந்த பெருமாள்

பட்டுச்சேலை ஆர்டர்களைத் திட்டமிட, ஆன்லைன் வகுப்பில் ஒரு மென்பொருள் கற்றேன். மழையால் சாயம் போடுவது ஒரு நாள் தள்ளிப்போனதும், மற்ற தேதிகளையும் அதுவே நகர்த்தியது. பார்க்காமலே ‘சரி’ கொடுத்தேன்.

அப்படி நகர்ந்த தேதியன்று காலை, தெரு நீளத்துக்கும் கல்யாணச் சேலையின் நீளவாட்டு இழைகளான பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவினோம். திடீரென்று மேளச் சத்தம். பெருமாள் புறப்பாடு! பாவைச் சுருட்டி வழிவிட வேண்டும், ஆனால் ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

தெருமுனை வீட்டு அக்கா ஓடிவந்தார். “எங்க வாசல்ல அர்ச்சனை இருக்குதுமா. பட்டரை நிதானமா பண்ணச் சொல்றேன். நீ காயவிட்டு சுருட்டு.”

பெருமாள் அங்கே நின்றார், பாவு பிழைத்தது.

திட்டத்தில் நெசவாளர், சாயக்காரர், தறி எல்லாம் சேர்த்திருந்தேன், தெருவைச் சேர்க்கவில்லை. இப்போது புறப்பாட்டு நாட்களை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நாட்களில்தான் எங்கள் வேலையை வைக்கிறேன்.