விழ மறுத்த காண்டாமிருகம்

மேடையில் அவனுக்குக் காண்டாமிருகம் என்று பெயர். அந்தப் பெயருக்கேற்ற வெல்வெட் அங்கியைத் தைத்துக் கொடுத்தவள் அவன் மனைவி. தொப்பை பெருக்கப் பெருக்க இடுப்புப் பட்டையைப் பிரித்துத் துணி கொடுத்துத் தைத்தவளும் அவளே. ஆகவே அவன் வீரம் எத்தனை அங்குலம் என்பது அவளுக்கு அத்துப்படி.

கல்யாணமான புதிதில் அவன் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மல்யுத்தக் கம்பெனி முதலாளி அவன் உடம்பைப் பார்த்துக் கூட்டிப்போனார். அங்கே சண்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார் ஜெயிப்பது, யார் விழுவது என்பதெல்லாம் ஒப்பனை அறையிலேயே முடிவாகிவிடும். நன்றாக உறுமினால் போதும். உறுமல் அவனுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

முதலாளி சொன்னதால் பல வருடம் ஜெயித்தான். நாளடைவில் தானே ஜெயிப்பதாக நம்பவும் தொடங்கிவிட்டான். முடிதிருத்தும் கடையில் வரிசையை மீறி நாற்காலியில் உட்கார்ந்து, “நான் யாருன்னு தெரியும்ல?” என்பான். “எல்லாம் நடிப்புதானே மாமா?” என்று அவள் தம்பி ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டான். அன்றோடு மைத்துனனிடம் பேச்சுவார்த்தை நின்றது.

ஒருநாள் முதலாளி ஒப்பனை அறைக்கு ஓர் ஒல்லி இளைஞனைக் கூட்டி வந்தார். உண்மையான போட்டிகளில் மோதிப் பழகியவன். “இன்னைக்கு நீ இவன்கிட்ட விழணும்பா” என்றார்.

அவர் போனதும் இவன் கண்ணாடியைப் பார்த்து, “காண்டாமிருகம் விழாது” என்றான்.

பக்கத்தில் அங்கியின் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்த மனைவி பல்லால் நூலைக் கடித்தாள். “இத்தனை நாளா எதிராளி விழுந்தான்ல? அந்த மாதிரி விழுந்துட்டு வாங்க.”

கேட்டால்தானே? மேடையேறியதும் இளைஞனின் கன்னத்தில் நிஜமாகவே ஓர் அறை விட்டான். அவன் திகைத்து, “அண்ணே, மெதுவா” என்றான். இன்னோர் அறை விழுந்தது. அவ்வளவுதான். இளைஞன் இவன் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கி, குப்புறக் கிடத்திவிட்டான்.

“விடுடா! ஐயோ, விட்டுடு தம்பி! வலிக்குதுப்பா!”

மேலே தொங்கிய மைக் அதை அரங்கம் முழுக்க ஒலிபரப்பியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாழ்க்கையில் அவன் போட்ட ஒரே நிஜச் சண்டை, தும்மி முடிப்பதற்குள் முடிந்துபோனது.

தோள் நழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவனை முதலாளி பார்க்க வந்தார். வேலை போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ, “அந்த அழுகை பிரமாதம்பா. வாராவாரம் அழறியா?” என்றார்.

மானமுள்ளவன் எழுந்து போயிருப்பான். இவனோ, “அழும்போது விளக்கு என் மேல மட்டும் விழணும்” என்றான்.

தோள் சரியானதும் மைத்துனனைத் தானே கூப்பிட்டு அனுப்பிப் பாடம் எடுத்தான். “ஜெயிக்கிறது எவனுக்கும் வரும் மாப்ள. அழறதுதான் கலை.” தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

அந்த இளைஞன் ஒரே மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். இப்போதெல்லாம் காண்டாமிருகத்தின் கையை முறுக்குவது, வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆள்.