பதினைந்தாம் எபிசோடில் வந்த சாட்சி

சீரியல் பார்த்தவர்கள் நாலு பேர்: நைனா, அம்மா, தங்கச்சி, நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இல்லாதவர் ஒருவர்: நைனாவின் தோஸ்து, நாங்கள் மாமா என்று கூப்பிட்டவர். நான் கல்லூரியில் சேர்ந்த மாதம், நைனாவும் அவரும் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டில், மூன்றடுக்காக ஏற்றிவைத்த கண்டெய்னர்களின் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போனார். இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவரும் எங்கள் தரையில் தலையணை போட்டுப் படுத்துக் கொரியன் சீரியல் பார்த்திருப்பார். பாதியில் குறட்டை விட்டிருப்பார்.

அவர் போய் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் எம்.கே.பி. நகரிலிருக்கும் அவர் வீட்டுப் பக்கம் நைனா போகவில்லை. இப்போது மாமாவின் மகளுக்குக் கல்யாணம். நைனா இல்லாத நேரத்தில் அத்தை வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார். மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகை டிவி மேலேயே கிடந்தது. "அந்தப் பொண்ணு கல்யாணத்துக்காவது போவியா மாட்டியா?" என்று அம்மா கேட்பாள். நைனா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார்.

டிவிக்கு மேலே சுவரில் என் முதல் பருவக் கட்டண ரசீது, லேமினேட் செய்து ஆணியில் மாட்டியது. எங்கள் வம்சத்தில் காலேஜுக்குக் கட்டிய முதல் காசு என்று அம்மா மாட்டியது. ரூபாய் பதினோராயிரத்து ஐந்நூறு மட்டும். ஒரே தடவையில் நைனாவே கொண்டுபோய்க் கட்டினார்.

சீரியல் மொத்தம் பதினாறு எபிசோடு. வாரத்துக்கு நாலு என்று தங்கச்சி கணக்கு வைத்திருந்தாள். கதை ஒரு துறைமுக நகரத்தில். துறைமுகத் தொழிலாளி ஒருவன் சாகிறான், விபத்து என்று கோப்பை மூடிவிடுகிறார்கள், இருபது வருஷம் கழித்து ஒரு பெண் போலீஸ் அதைத் திறக்கிறாள். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். "தாங்கள் அன்றிரவு எங்கிருந்தீர்கள்?" என்று அவள் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டாள். "கொரியாக்காரி நம்மளவிட சுத்தமா பேசுறா பாரு."

அந்த சீரியலில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. கொலை நடந்த இடத்தைக் காட்டிவிட்டு ஓடாது. செத்தவனின் பூட்ஸ் வாசலில் கிடக்கும். காமிரா அங்கேயே நிற்கும். மழை அதில் மெல்ல நிறையும். எங்கள் தெருவுக்கு வெளியே மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். டிவியில் கப்பல் ஊதும், ரோட்டில் லாரி ஹாரன் அடிக்கும், எது கொரியா, எது திருவொற்றியூர் என்று சில நேரம் தெரியாது. கண்ணசந்தால் கனவிலும் அந்த மழை பெய்தது. மாமா அதில் நனைந்துகொண்டே, கண்டெய்னர்கள் மேல் தெருவில் நடப்பது மாதிரி நடந்துபோனார். எழுந்தால் கழுத்தெல்லாம் வேர்வை.

குறைகள் எல்லாம் நைனா கண்டுபிடித்தவை.

"இன்னாடா இது, ஒத்தக் கையால கதவ தொறக்குறான்? துரு புடிச்ச கண்டெய்னரு. ரெண்டு ஆள் தொங்கணும்."

"நைனா, கம்முனு பாரு."

"சீல் எங்க? சீலே இல்லாம எந்தக் கேட்டுல உள்ள வுட்டான்?"

"நீ வேணா கொரியாவுக்குப் போயி சொல்லிக்குடு" என்றாள் தங்கச்சி.

அவர் சொல்லாத குறைகளும் உண்டு. அந்தப் பெண் போலீஸ் தூங்குவதே இல்லை, ஆனால் முகம் வாடாது. வழி அடைத்த இடத்திலெல்லாம் ஒரு கடைவாசல் காமிராவில் துப்பு கிடைத்துவிடும். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை கதை நகராமல் எல்லோரும் கண்ணாடி ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தபடி நின்றார்கள். எனக்கு அதுகூடப் பிடித்திருந்தது. அவர்கள் பார்த்த ஊரில் தூரத்துக் கிரேன்கள் எல்லாம் எங்கள் ஊர்க் கிரேன்களாகவே இருந்தன.

நாலாவது ஞாயிறு பதினைந்தாம் எபிசோடு. இருபது வருஷம் வாய் திறக்காத கிழட்டுக் கிரேன் ஆபரேட்டர் ஒருவர் நனைந்த கோட்டோடு கோர்ட்டுக்குள் வருகிறார். நான் பார்த்தேன் என்கிறார். எல்லாவற்றையும் சொல்கிறார். வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மழை நின்றுவிடுகிறது. தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள்.

"பொய்யி" என்றார் நைனா.

"கதைக்கு அப்படி ஒருத்தன் வேணும் நைனா. இல்லன்னா எப்படி முடியும்?"

"வருவான். வரமாட்டான்னு சொல்லல. கோர்ட்டுல ஜட்ஜு மூஞ்சியப் பாத்து சொல்லிடலாம்டா. செத்தவன் பொண்டாட்டி கீறாளே, அவ வூட்டுக்குப் போயி அவ மூஞ்சியப் பாத்து சொல்லச் சொல்லு. அத எங்கயாச்சும் காட்னானா?"

யோசித்துப் பார்த்தேன். காட்டவில்லை. பதினைந்து மணி நேரக் கதையில் அந்த விதவை மூன்றே இடத்தில் வந்தாள், மூன்றிலும் பின்னாலிருந்து.

"நீ எதுக்கு அதுக்கு இவ்ளோ பேஜார் ஆவுற?" என்றாள் அம்மா.

நைனா டிவியை அணைத்தார். லாரி ஹாரன் மட்டும் மிஞ்சியது. "அவன் வுழுந்த அன்னிக்கு யாருக்குமே சேஃப்டி பெல்ட்டு குடுக்கல. சூப்பர்வைசர் ரூம்புல பூட்டிக் கெடந்துச்சு. குடுத்தும் அவன் மாட்டலன்னு பேப்பர்ல எழுதி எடுத்தாந்தானுங்க. நான் கையெழுத்துப் போட்டேன்."

நைனாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எனக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. "படிச்சுக் காட்டாம வாங்கிட்டாங்களா நைனா?"

"படிச்சுக் காட்னான். தெரிஞ்சுதான் போட்டேன்."

பதினாறாவது எபிசோடை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கே நைனா வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் கலங்கிப்போய், மூடியிருந்த கடைகளெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தன.

அத்தை கதவைத் திறந்து, "வா ண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றார். டீ வைக்கப் போனவரை நைனா உட்காரச் சொன்னார். உட்கார வைத்து, எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார். மழை பெய்யவில்லை. பின்னணியில் ஒன்றும் வாசிக்கவில்லை. மேலே ஃபேன் கடகடத்தது, அவ்வளவுதான்.

அத்தை நைனாவைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாலையோடு இருந்த மாமாவின் போட்டோவைப் பார்த்தார்.

"நாலு வருசமா இந்த ஆள திட்டிக்கினு கீறேன்" என்றார். "ஒரு பெல்ட்டு எடுத்து மாட்டத் துப்பில்லியேய்யா, என்னையும் கொழந்தையையும் நெனச்சியான்னு. காலைலகூட பூ மாத்தசொல்ல திட்னேன்."

எழுந்துபோய் முந்தானையால் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார். தூசியே இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார். நைனா கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த சீரியலை எடுத்தவர்கள் இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று ஏனோ நினைத்தேன். இங்கே அவர்களுடைய பொறுமை தேவைப்பட்டது.

அத்தை முதுகைத் திருப்பாமலே கேட்டார்.

"கையெழுத்துக்கு எவ்ளோ குடுத்தானுங்க?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பதினோராயிரத்து ஐந்நூறு."