விளக்கை மட்டும் எரியவைத்த ஒயர்

ஜெர்மனியில் எங்கள் ஸ்விக்காவ் ஊர்ப் பொம்மை ரயில் சங்கத்தில் ஓர் இன்ஜினைக் கருக்கியது தலைவன் ஃபோல்க்மார். பழியைக் கெர்டாவின் புருஷன் எகோன் மேல் போட்டு, அவனைத் துரத்தியும் விட்டான். கெர்டா மறக்கவில்லை.

கண்காட்சியன்று, ஒவ்வோர் இன்ஜினுக்கும் அதன் ஓட்ட எண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து பதிக்கும் பெட்டியில் விளக்கு எரிந்தது; அந்த எண் பதியாமல் ரயில் ஓடாது. ஆனால் ஒயரின் மறுமுனையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஃபோல்க்மார் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், ஒயரை வேறு துளையில் செருகினான், வேர்த்து விறுவிறுத்தான்.

கெர்டா கசகசா கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒயர மாத்துனது நான்தான். இது போன் சார்ஜர் ஒயரு. கரண்டு போகும், தகவல் போகாது."

"பழைய ஒயர் எங்கக்கா?"

"எங்கிட்டதான். இன்ஜின கருக்குனது நான்தான்னு மைக்குல சொல்லு, தர்றேன்."

"ஜனம் வந்துருச்சேக்கா."

"அதுக்குத்தான் காத்திருந்தேன்."

சொன்னான். சத்தம் பத்தவில்லை என்று மறுபடி சொல்லவைத்தாள்.